ஷியாமளா பார்த்தது

வத்சலாவுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பிறகு சேர்ந்த ஷியாமளாவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இருவரும் ஒரே விஷயத்தைத்தான் ஆராய்ந்தார்கள். எலியைப் பட்டினி போட்டால் அதன் ஈரல் செல்கள் தங்கள் பழைய பாகங்களைச் சின்னச் சின்னப் பைகளில் சுற்றிச் செரித்துவிடும். அந்தப் பைகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதிலேயே பகல் போய்விடும். மதியம் கார்டன் ரீச்சிலிருந்து வரும் வத்சலாவின் புளியோதரையும் டாக்குரியாவிலிருந்து வரும் ஷியாமளாவின் தயிர்சாதமும் இடம் மாறும். கல்கத்தாவிலேயே பிறந்த ஷியாமளா, வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி அவளை ‘வத்சலாதி’ என்றுதான் கூப்பிடுவாள்.

ஒருமுறை பட்டினி எலிக்கு மறுபடி தீனி வைத்துப் பார்த்தாள் ஷியாமளா. கொஞ்ச நேரத்திலேயே பைகள் காணாமல் போயின.

"வத்சலாதி, ஆகாரம் வந்ததும் செல் நிறுத்திக்கிறது. இது சாவு இல்லை. பிழைக்கறதுக்குப் பண்ற காரியம்."

வத்சலா தன் எலிகளிலும் செய்து பார்த்தாள். அதேதான்.

பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. பைகள் என்றால் செல் சாகிறது என்று அர்த்தம். வருஷக்கணக்காக அவர் அப்படித்தான் எழுதி வந்தார். எல்லோரும் கூடியிருந்த அறையில், "திசுவைச் சரியாகப் பதப்படுத்தவில்லை நீ" என்றார்.

"வத்சலாதியும் பார்த்திருக்காங்க சார்."

"அப்படியா?" என்று அவர் வத்சலாவிடம் திரும்பினார். அவளுடைய தீசிஸ் அவர் கையெழுத்துக்காக மேஜைமேல் கிடந்தது.

"என் படங்கள் அவ்வளவு தெளிவா இல்லை, சார்" என்றாள் வத்சலா.

ஷியாமளா அவளைப் பார்த்தாள். பேராசிரியர் சொன்னபடி ஆய்வை மாற்றி எழுத மறுத்தாள். அடுத்த வருஷம் விலகிப் போனாள். டாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை என்று கேள்வி. வத்சலா ஆய்வுக்கூடத்திலேயே விரிவுரையாளர் ஆனாள்.

எழுபத்தெட்டில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை வந்தது. தீனி கிடைத்ததும் பைகள் மறைவதை யாரோ விவரமாக எழுதியிருந்தார்கள். நூலகத்தில் நின்றபடியே படித்து முடித்த வத்சலா, அதை எடுத்துக்கொண்டு டாலிகஞ்சுக்குப் போனாள்.

ஆசிரியைகள் அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த ஷியாமளா, அவளை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தாள். பத்திரிகையை நிதானமாகப் படித்தாள்.

"நமக்குத்தான் அன்னிக்கே தெரியுமே."

அந்த ‘நமக்கு’ வத்சலாவைச் சுட்டது. "நான் அன்னிக்குச் சொல்லியிருக்கணும், ஷியாமளா."

"ஆமா. சொல்லியிருக்கணும்." குரலில் கோபம் இல்லை.

"இப்போ டாக்டர் பட்டத்துக்கு என்கிட்டயே பதிவு பண்ணிக்கலாம். திரும்பி வந்துடேன்."

ஷியாமளா பத்திரிகையை மூடி அவள் பக்கம் நகர்த்தினாள். "முதல் ரெண்டு வருஷம் அந்த நினைப்பாவே இருந்தது, வத்சலாதி. யாராவது கூப்பிட்டா ஓடி வந்திருப்பேன். இப்போ தோணலை. இந்தப் பொண்களோட நன்னாத்தான் இருக்கேன்."

மணி அடித்தது. டீயைக் குடித்துவிட்டுப் போகும்படி சொல்லி, அவள் வகுப்புக்குக் கிளம்பினாள்.

வெளியே மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டிருந்த சாலையின் ஓரமாக வத்சலா நடந்தாள். அந்த இரண்டு வருஷத்தில் இந்த வழியாக எத்தனையோ தடவை டிராமில் போயிருக்கிறாள். இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்துவிடுவாள்.