இடது ஓரத்தில் நின்ற பிறந்தநாள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் மண்டையில் உதித்ததில்லை. செகந்திராபாத்தில் ஒரு கல்யாண விருந்தில், பக்கத்து நாற்காலியில் இருந்த மெட்டில்டா, பிரியாணி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் சொன்னது. தேவைப்பட்ட இடங்களில் நான் புளுகியிருக்கிறேன்.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன். ‘1989 ஜனவரியின் பனி மூடிய காலையில், மெட்டில்டாவின் இதயம்...’ (அவள் இதயத்துக்கு ஒன்றுமில்லை.) ‘காலம் என்பது...’ (வேண்டவே வேண்டாம்.)

நேராகவே வருகிறேன்.

2

மெட்டில்டா ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் கிளார்க். 1989 ஜனவரியில் பிரிவுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பிறந்த தேதிகளையும் யாரோ வெறும் எழுத்தாக, மனம்போனபடி அடித்து வைத்திருந்தார்கள். அவற்றைச் சரியான தேதிகளாக மாற்றினால்தான் யார் எப்போது ஓய்வு பெறுவார் என்று மெஷின் சொல்லும்.

வெறும் எழுத்தாக இருந்தால் திரையில் அதன் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தேதி என்று மெஷினுக்குப் புரிந்துவிட்டால் வலது ஓரத்துக்குப் போய்விடும். மெட்டில்டாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போனது. முந்நூற்றுப் பதினொன்று நகர்ந்தன. ஒன்று மட்டும் நகரவில்லை: 29-2-1931. டெலிபோன் ஆபரேட்டர் ஜெயசுந்தரி.

1931 பிப்ரவரிக்கு இருபத்தெட்டே நாள். முப்பத்தொரு வருஷமாக இது யார் கண்ணிலும் படவில்லை.

3

நாளைத் திருத்தினால் 28-2-1931. அடுத்த மாதம் ஓய்வு வயதான ஐம்பத்தெட்டு முடிந்து, ஜெயசுந்தரி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வருஷத்தைத் திருத்தினால் 29-2-1932. இன்னும் ஒரு வருஷம்.

(முதல் வரைவில் ஜெயசுந்தரியை நோயாளியாக்கி அழவைத்தேன். மெட்டில்டா சொன்ன ஆள் அழுகிற ரகமே இல்லை. கிழித்துவிட்டேன்.)

மெட்டில்டா டெலிபோன் போர்டு அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். எந்த அழைப்பையும் ஹைதராபாத் ‘ஆமாம்’ ஒன்றைப் போட்டு “ஹவ், சொல்லுங்க” என்றே எடுக்கிற ஜெயசுந்தரி, வயர்களைச் செருகியபடியே கேட்டாள்.

“இல்லாத நாள்ல பொறந்திருக்கேனா?”

“நாள் சரியா, வருஷம் சரியா, ஆன்ட்டி?”

“நாள்தான் சரி. முப்பத்திரண்டுல பொறந்தேன். லாலாகுடா ஸ்கூல்ல வயசு பத்தாதுன்னாங்க. அப்பா ஒரு வருஷத்தைக் கூட்டிட்டாரு. நாளை மாத்த மறந்துட்டாரு.”

“ப்ரூஃப் இருக்கா?”

“எங்க வீட்ல நாலு வருஷத்துக்கு ஒருவாட்டிதான் எனக்கு கேக்.” குரலைத் தாழ்த்தினாள். “இங்க பாரு, ஜூன்ல வயரே இல்லாத பட்டன் போர்டு வருது. முப்பத்தொரு வருஷமா இந்த வயரைச் செருகித் தோள் போச்சு. அந்தப் பட்டனை ஒருநாளாவது அமுக்காம நான் போறதா? நக்கோ, முடியாது.”

மெட்டில்டாவுக்குச் சிரிப்பு வந்தது.

4

மேலதிகாரி புருஷோத்தமன் கெட்டவர் அல்ல. (வில்லனாக்கிப் பார்த்தேன், மீசை ஒட்டவில்லை.)

“இருபத்தெட்டுன்னு போட்டு முடிம்மா. ரெஜிஸ்டர்ல முப்பத்தொண்ணுதானே இருக்கு?”

“இருபத்தொன்பதும் அதே ரெஜிஸ்டர்லதான் சார் இருக்கு. அதை மட்டும் ஏன் நம்பக்கூடாது? அவங்க வீட்ல கேக்கே நாலு வருஷத்துக்கு ஒருவாட்டிதானாம்.”

“கேக்குக்கு ரசீது இருக்கா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு ரெஜிஸ்டரை அவள் பக்கம் தள்ளினார். “நீயே ஒண்ணைப் போட்டுக் கொண்டா. கையெழுத்து போடறேன். ரெண்டு மணிக்கு லிஸ்ட் போகணும்.”

5

முடிவு ஒன்று: இருபத்தெட்டு. வழியனுப்பு விழாவில் பூமாலை, சுவர்க்கடிகாரம், சமோசா, புருஷோத்தமன் உரை. ஜெயசுந்தரி சிரித்தபடி போர்டு அறைச் சாவியை... (இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: முப்பத்திரண்டு. தேதி வலது ஓரத்துக்கு நகர்கிறது. ஆனால் ஆதாரம் ஒரு கேக். நாளை எவனாவது கேட்டால் மெட்டில்டாவின் தலைதான் உருளும்.

என்னதான் போட்டாள்? பந்தியில் அதைத்தான் கேட்டேன். “நீங்கதானே எழுதறீங்க, நீங்களே போடுங்க” என்று எலும்பைக் கடித்தாள். நான் அதை உங்களிடம் தள்ளிவிடுகிறேன்.

மணி ஒன்று ஐம்பத்தைந்து. கட்டம் திறந்திருக்கிறது. நாளோ வருஷமோ, ஒன்றை மாற்றுங்கள். பிறகு ஜூன் மாதத்துக்குப் போய் அந்த ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள். புதிய போர்டில் யாரோ ஒருவர் பட்டனை அமுக்குவார்.

“ஹவ்” என்று கேட்டால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.