கழுவாத பச்சை

ஷெர்லினின் பொடி பச்சையாக இருந்தது. பச்சை என்றால் கண்ணைப் பறிக்கிற பச்சை. ஒரகடத்தில் அந்தச் சின்னக் கம்பெனியின் ஆய்வகத் தலைவர் தணிகாசலம் குப்பியைத் தூக்கிப் பிடித்து, "இதாம்மா வேலை!" என்று பூரித்தார். கூட வேலை பார்க்கும் இசக்கிசெல்வியின் பொடியோ வெளிறிக் கிடந்தது. "நீ இன்னாம்மா, சுண்ணாம்பு மாதிரி பண்ணி வெச்சிருக்கே?"

உண்மையில் அந்தச் சுண்ணாம்பு வெளிறல்தான் சரி. ஜியோலைட் என்கிற வெள்ளைக் கனிமப் பொடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத அறைகள். முதலில் செம்பை உள்ளே அனுப்பி, பின்னாலேயே அதைப் பிடித்துக்கொள்ளும் கரிமப் பொருளையும் அனுப்பினால், இரண்டும் உள்ளேயே சேர்ந்து பெருத்துவிடும். பிறகு வாசல் வழியே வெளியே வர முடியாது. கழிவுநீரில் இருக்கும் ஃபீனால் என்கிற நச்சைப் பெராக்சைடு சேர்த்துச் சிதைக்க அதுதான் வினையூக்கி. வடிகட்டி எடுத்துத் திரும்பத் திரும்பப் போடலாம். ஆனால் வெளியே ஒட்டிக்கொண்ட செம்புச் சேர்மத்தை, கழுவும் திரவம் நிறமில்லாமல் சொட்டுகிறவரை கழுவித் தொலைக்க வேண்டும். செல்வி கழுவினாள். ஷெர்லின் கம்பெனி பஸ் போய்விடுமே என்று, பச்சை சொட்டிக்கொண்டிருக்கும்போதே கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். பாராட்டு இனித்தது, வாயை மூடிக்கொண்டாள். செல்வியின் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது என்பதும், நிரந்தரமாவது அவள் செய்யும் பொடியைப் பொறுத்தது என்பதும் ஷெர்லினுக்கு நன்றாகவே தெரியும். இருவரும் குன்றத்தூரில் ஒரே அறையில்தான் இருந்தார்கள்.

"ஏட்டி, ஒனக்கு மட்டும் எப்பிடி வருது? எனக்கும் சொல்லிக்குடேன்," என்றாள் செல்வி, சோற்றைப் பிசைந்தபடி.

"கழுவினப்பொறவு நல்லா சூட்டுல வையி. நிறம் ஏறும்."

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள் மகராசி. செல்வி நம்பினாள். மறுநாள் அவளுடைய நல்ல பொடி அடுப்பில் கரிந்து பழுப்பாக வந்தது. "எங்கையி ராசி அவ்வளவுதான்," என்று சிரித்தாள் செல்வி.

ஷெர்லினின் பொடியை வாங்க வந்த வெளிக் கம்பெனிக்காரர் விவரமானவர். ஃபீனால் கலந்த சூடான தண்ணீரில் பொடியைப் போட்டுப் பார்க்கையில், வினை பாதி நடக்கும்போதே, சூடு ஆறுமுன் பொடியை வடிகட்டச் சொன்னார். பொடி போனால் வினை நிற்க வேண்டும். நிற்கவில்லை, வடிந்த தண்ணீரே பச்சையாக இருந்தது, ஃபீனாலும் பாட்டுக்குக் குறைந்துகொண்டே போனது.

"செம்பு உள்ளே இல்லீங்க. தண்ணியிலே கரைஞ்சுதான் இவ்வளவு நேரம் வேலை பார்த்திருக்கு," என்று அவர் எழுந்துவிட்டார்.

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. "யாரும்மா இத கழுவுனது?"

ஷெர்லின் வாய் திறக்குமுன் செல்வி முன்னால் வந்தாள். "நான்தான் சார். அவ எங்கிட்ட குடுத்துட்டுப் போனா. நான் சரியா கழுவல."

போகிறவள் நான்தானே, நீயாவது இரு என்று கண்ணாலேயே சொன்னாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் ஷெர்லினுக்கு உடம்பெல்லாம் கூசியது. நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"இல்ல சார். நான்தான் கழுவாம விட்டேன். அவ பண்ணினதுதான் சரி."

தணிகாசலம் கத்தத் தொடங்கினார். செல்விக்கு அது எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"கழுவாததுனாலதான் நிறம்னு ஒனக்கு அன்னிக்கே தெரியுமாட்டி?" என்று மெதுவாகக் கேட்டாள். "பொறவு ஏன் என்னைய சூட்டுல வைக்கச் சொன்ன?"