குழாயில் வந்த நாற்றம்

எங்கள் ஊரில் வெந்நீர் நாறும், பச்சைத்தண்ணீர் நாறாது. ஐஸ்லாந்தில், எங்கள் ஸ்வார்த்தாவிக்கில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். வெந்நீர் பூமிக்கடியில் சூட்டுப்பாறையைத் தொட்டு வருவதால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதில் குளிக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம், யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. குடிக்கிற தண்ணீர் வேறு. அது மழை. எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்லின் ஓட்டைகள் வழியே இறங்கி, அடியில் தேங்கி, மெல்லக் கடலை நோக்கி நகர்வது. அந்த அக்டோபரில் அதுவும் நாற ஆரம்பித்தது.

முதலில் சொன்னவள் என் அண்ணி ஸ்வாலா. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்ற கருவுக்கு அப்போது நாலு மாதம். சாப்பாடு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. தண்ணீராவது உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் இதுவும் கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"யோருன், வாயில வெச்சாலே குமட்டுது," என்று டம்ளரை என்னிடம் நீட்டினாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுத் தொட்டியில் துப்பினேன்.

"மாசமா இருக்கறவளுக்கு எல்லாமே நாறத்தான் செய்யும்," என்றான் என் அண்ணன் கேத்தில். ஊரின் ஒரே மீன் ஆலை அவனுடையது. "கடையில பாட்டில் தண்ணி வாங்கவா? ஐஸ்லாந்துல? ஊர் சிரிக்கும்."

ஸ்வாலா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி வெளியே வந்தது.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்க நாற்றம். எங்கள் ஊர்ப் பேச்செல்லாம் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில்தான் நடக்கும். கழுத்துவரை முங்கிக்கொண்டு கேத்தில் தீர்ப்புச் சொன்னான்.

"பூமி முழிச்சுக்கிச்சு. அடியில குழம்பு மேல வருது. அதோட வாயுதான் தண்ணியில கலக்குது."

தொட்டியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்து ஊரில் நிலம் பிளந்து நெருப்பு வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அன்றைக்கே பல வீடுகளில் பெட்டி கட்டினார்கள். ஸ்வாலாவும் ஒன்று கட்டி வாசலில் வைத்தாள்.

"நிலம் ஒரு தடவைகூட அசையல. என் கருவியில ஒண்ணும் இல்ல," என்று நான் அப்போதே தொட்டியில் சொன்னேன். பாறைகளைப் பார்ப்பதுதான் என் தொழில்.

"உன் கருவிக்கு மூக்கு இருக்கா?" என்றான் கேத்தில். தொட்டியே சிரித்தது. ஊர்ப் பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஓத்தூர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஊருக்கு மேலே எரிமலைக்கல் வெளியில் அண்டங்காக்கைகள் வட்டமடிப்பதைப் பார்த்து நடந்தேன். அங்கே நிலம் நீளமாகப் பிளந்திருக்கும். விளிம்புக்குப் போகுமுன்பே மூக்கைப் பொத்திக்கொண்டேன். பாசி படிந்த கல்மேல் மீன்தலைகள் குவியலாகக் கிடந்தன. குடல்கள் வழிந்து, காய்ந்து, அதன்மேல் மறுபடி வழிந்திருந்தன. கீழே தண்ணீர்மேல் சாம்பல் நிறத்தில் கொழுப்பாடை மிதந்தது. பக்கத்தில் கேத்தில் ஆலையின் நீலத் தொட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

ஆலைக்குப் போய்க் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த கேத்தில் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் ஐரோப்பா. ரெண்டு பூமித்தட்டும் விலகிட்டே போகுது. நடுவுல போட்டது பூமி வயித்துக்குப் போயிடும். நீதானே ஸ்கூல் பசங்களுக்குச் சொன்னே?"

"விலகறது வருஷத்துக்கு நகம் வளர்ற அளவு. அது அடியில்லாத குழி இல்ல கேத்தில். நாலு ஆள் ஆழத்துல தண்ணி நிக்குது. அது கடலைப் பார்த்துப் போகுது, வழியில நம்ம கிணறு இருக்கு. உன் பொண்டாட்டி அதைத்தான் குடிக்கிறா."

கத்தி ஒரு கணம் நின்றது. தெரிந்துகொண்டான் என்று நினைத்தேன். ஆமாம், தெரிந்துகொண்டான்.

"அழுகலுக்கும் எரிமலைக்கும் ஒரே நாத்தம். எதுன்னு எப்படி நிரூபிப்பே? பாதி ஊர் என்கிட்டதான் வேலை பார்க்குது. போய்ச் சொல்லிப் பாரேன்."

சிரித்தபடி அடுத்த மீனின் வயிற்றைக் கிழித்தான். இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தேன் என்பதை நினைக்கவே உடம்பு கூசியது. குடலை வாளியில் போட்ட கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்தான். வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையை எரித்தேன்.

நிலத்தடி நீர் எங்கே போகிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு சாயப்பொடி உண்டு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, துளி கலந்தாலும் பளிச்சென்று பச்சை. ஓத்தூரிடம் மட்டும் சொன்னேன்.

"கொட்டு. நான் வாயைத் திறக்கமாட்டேன்," என்றான்.

பிளவில் கொட்டினேன். ஸ்வாலாவுக்குப் பக்கத்து ஊரிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அது அவள் வயிற்றில் தங்கியது. கேத்தில் அதையும் கேலி செய்தான்.

சில நாள் கழித்து, காலையில் அவர்கள் வீட்டில் இருந்தேன். கேத்திலுக்குக் காப்பி போடக் குழாயைத் திறந்த ஸ்வாலா அப்படியே நின்றுவிட்டாள். தொட்டியில் தண்ணீர் பச்சையாக விழுந்துகொண்டிருந்தது.

"பாத்தியா," என்றான் கேத்தில், ரொட்டியை மென்றுகொண்டே. "எரிமலைதான். கந்தகம் வந்துடுச்சு."

"அது என் சாயம்," என்றேன்.

ஸ்வாலா திரும்பினாள். "எங்க ஊத்தினே?"

"மேல, பிளவுல. கேத்தில் மீன்குடல் கொட்டுற இடத்துல. அவனுக்குத் தெரியும். நான் அன்னிக்கே சொல்லிட்டேன்."

அவள் கேத்திலைப் பார்த்தாள். அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான். ஸ்வாலா ஒரு டம்ளரை எடுத்து, விளிம்புவரை நிரப்பி, அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குக் கொடுத்தியே. நீ குடி."

கேத்தில் டம்ளரை எடுத்தான். வாய்வரை கொண்டுபோனவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதையா? நாறுதே," என்றான்.

ஸ்வாலா வாசலுக்குப் போய், எரிமலைக்கென்று கட்டிவைத்த பெட்டியை எடுத்துக்கொண்டாள்.