விஞ்ஞானியின் அலமாரி

தம்பிக்குப் போட நல்ல சட்டை தேடி அலமாரியைக் குடைந்தபோது அண்ணன் கையில் காலி பாட்டில் ஒன்று தட்டுப்பட்டது. சட்டைகளை ஒதுக்கினான். பின்னால் இன்னும் பல, உயரம் வாரியாக நின்றன. குடித்துப் போட்டதிலும் ஓர் ஒழுங்கு.

தம்பி முன் அறையில் கிடந்தான். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தார்கள். இருபத்தெட்டு வயதில் ஈரல் வெந்துபோய்விட்டது. மஞ்சள் காமாலை என்று அம்மாவிடம் அண்ணன் சொல்லி வைத்திருந்தான்.

பள்ளியிலேயே தம்பிக்கு விஞ்ஞானி என்று பெயர். எந்தப் பாடமானாலும் முதல். அவன் கதவைச் சாத்திக்கொண்டால் வீடே கிசுகிசுத்துத்தான் பேசும். அண்ணன் பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவன், பஸ் ஓட்டுகிறான். தினமும் டிப்போவில் கருவியில் ஊதிக் காட்டிய பிறகுதான் அவனுக்குச் சாவி கிடைக்கும். சொட்டுக்கூடத் தொடாதவன். ஆனாலும் வீடு திரும்பினால் அம்மா மோந்து பார்ப்பது அவன் வாயைத்தான். படிப்பு ஏறாத பிள்ளைதானே கெட்டுப்போகும்! அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"படிப்புல புலி," என்று முன் அறையில் சித்தப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "வேற எந்த நெனப்பும் கெடையாது அவனுக்கு."

அம்மாவுக்கு அந்தப் பெயராவது மிஞ்சட்டும். அண்ணன் போர்வையைத் தரையில் விரித்து பாட்டில்களை எடுத்து வைத்தான். இரண்டு மோதிக்கொண்டு கிணுங்கின.

"என்னடா சத்தம்?"

அம்மா வாசற்படியில் நின்றாள். போர்வையை மூட நேரமில்லை.

"என்னுதும்மா," என்றான். "இங்க ஒளிச்சு வெச்சிருந்தேன். அவனுக்குத் தெரியாது."

இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலையைக் குனிந்தான். அம்மா உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

"மேல் தட்டுலயும் இருக்கும் பாரு. எனக்குக் கை எட்டல."

அண்ணன் நிமிர்ந்தான்.

"தெரிஞ்சேதான் என் வாயை மோந்து பாத்தியா?"

"உன்கிட்ட வாடை வராதுன்னு தெரியும்டா, அதான்," என்றாள் அம்மா.

அவன் எக்கி நின்று மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அம்மா தரையில் உட்கார்ந்து, சத்தம் வராதபடி, பாட்டில்களுக்கு நடுவே தம்பியின் பனியன்களைச் சுருட்டித் திணித்தாள்.