மணியனுக்கு ஒத்துவராத கோழி

கிட்ட வந்து இருங்கள், என் கண்மணிகளே. ஒரு கீரி தன் வீட்டை இழக்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, ஜேர்மனியின் ஆஹென் நகரில் சிவகுருநாதனும் அவர் மனைவி குணேஸ்வரியும் ஒரு ஃபெரெட் வளர்த்தார்கள். கீரிக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நீண்ட உடம்பு, குட்டைக் கால், தூங்கும் நேரம் போக மீதியெல்லாம் காலுறைக் களவு. பெயர் மணியன். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் சிவகுருநாதன் தேடுவது அதைத்தான். குணேஸ்வரி குழம்புக்குக் கோழி வெட்டும்போது, மிளகாய் படுமுன் மணியனின் பங்கை எடுத்து வைப்பாள். மூன்று வருடமாக அதே கோழி.

அந்த வைகாசியில் மணியன் சொறியத் தொடங்கியது. முதுகில் மயிர் கொட்டித் தோல் சிவந்தது. மிருக வைத்தியர் தோலைச் சுரண்டிப் பார்த்தார். பூச்சி ஒன்றும் இல்லை. “உணவாக இருக்கலாம்” என்றார்.

குணேஸ்வரிக்குச் சுருக்கென்றது.

“என்ர கையால குடுத்த கோழியோ? மூண்டு வருசமா ஒண்டும் செய்யாத கோழி இப்ப என்ன செய்யும்? நாங்களும் அதைத்தானே சாப்பிடுறம்! இது தொத்துற சொறி.”

“கொஞ்சம் பொறும் குணேஸ்.”

“நல்லூர்த் திருவிழா முடியுமட்டும் பாப்பன். சொறி மாறாட்டில், மணியனைப் பிராணிகள் காப்பகத்தில விட்டிட்டு வாங்கோ.”

சிவகுருநாதன் சம்மதமாகத் தலையாட்டினார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நல்லூர் முருகன் கோவிலில் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் அந்த வீட்டில் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, கிடையாது. கொடி ஏறுவது யாழ்ப்பாணத்தில் என்றாலும் அடுப்புக் கழுவப்படுவது ஆஹெனில். மணியனோ இறைச்சியில்லாமல் வாழாத பிராணி. ஆகவே கோழி கொடுக்கச் சொல்லி, கிறிஸ்தவரான கீழ்வீட்டுக் கிறிஸ்தோப்பரிடம் விட்டார்கள்.

திரும்பி வந்த மணியன் சொறியவில்லை. முதுகில் புது மயிர் அரும்பியிருந்தது.

“முருகா, உனக்கு வைச்ச நேத்திக்கடன் வீண்போகேல்லை!” என்றாள் குணேஸ்வரி.

“தங்கச்சி, கீரி இருந்தது வேதக்காரன் வீட்டில. முருகன் எப்பிடி என்ர விலாசம் எடுத்தவர்?” என்றார் கிறிஸ்தோப்பர்.

மகிழ்ச்சியில் அன்றே மணியனுக்கு இரட்டைப் பங்கு கோழி. மூன்றாம் நாள் மறுபடி சொறிவு.

கொடுத்த சொல்லுக்காகச் சிவகுருநாதன் கூட்டை எடுத்துத் தன் பழைய கம்பளிச் சட்டையை உள்ளே விரித்தார். மணியன் ஏறிச் சுருண்டது. தாழ்ப்பாளைப் போட அவருக்குக் கை வரவில்லை. குணேஸ்வரியால் பார்க்க முடியவில்லை, படியிறங்கிக் கிறிஸ்தோப்பரிடம் ஓடினாள்.

“அண்ணை, என்ன மருந்து பூசினனீங்கள்?”

“மருந்தோ? ஒண்டுமில்லை.”

“அப்ப என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?”

கிறிஸ்தோப்பர் நிலத்தைப் பார்த்தார். “கோழி எண்டுதான் நீர் சொன்னனீர். எனக்குக் கோழி வெட்டப் பஞ்சி, நான் ஒரு சோம்பேறி. வெட்டின முயல் இறைச்சி இருந்தது, அதைத்தான் இருபத்தைஞ்சு நாளும்... கோவியாதையும்.”

கூடு காப்பகத்துக்குப் போகவில்லை, வைத்தியரிடம் போனது. அவர் கேட்டுச் சிரித்தார். ஒவ்வாமை புதுச் சாப்பாட்டால்தான் வரும் என்றில்லை. சில உடம்புகள் நெடுநாள் உண்டு பழகியதையே ஒருநாள் பகையென்று எண்ணிக்கொள்ளும் என்றார். ஓர் உணவை நிறுத்தி, வேறொன்றைக் கொடுத்து, பிறகு பழையதைக் கொடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. உங்கள் திருவிழா அதைச் செய்துவிட்டது, இனிக் கோழி வேண்டாம், அவ்வளவுதான் என்றார்.

“தொத்தாதோ?”

தொத்தாது.

“நான் பழுதானதைக் குடுக்கேல்லைத்தானே?”

இல்லவே இல்லை.

குணேஸ்வரி அங்கேயே இருந்து அழுதாள், பிறகு சிரித்தாள். சிவகுருநாதன் மணியனைத் தூக்கிக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

“போற வழியில முயல் வாங்குவம், குணேஸ்.”

“எங்களுக்கும் சேத்து வாங்குங்கோ. எனக்கு இப்ப கோழியோட கோவம்!”

என் கண்மணிகளே, உங்கள் வீட்டுப் பானை நிறையட்டும். அதில் உள்ளது உண்ணும் வாய்க்கெல்லாம் ஒத்துவரட்டும். உங்கள் கூரையின் கீழ் தூங்கும் சின்ன உயிர்களும் சுகமாயிருக்கட்டும்.