ஐந்து முதலாளியம்மாக்கள்

அந்தச் சலவைக்கூடத்தில் ஒரே நாளில் ஐந்து பெண்களுக்கு முதலாளிப் பதவி கிடைத்தது. யாரும் கேட்கவில்லை. முன்னறைக்குக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், ஆளுக்கொரு கத்தைத் தாளாகக் கையில் திணித்தார்கள்.

"இனிமே நீங்க யாரும் இங்க தொழிலாளி இல்ல. சொந்தத் தொழில் பண்றவங்க. எனக்குத் துணி தேய்ச்சுக் குடுக்கிற தனித்தனி கம்பெனி. ஆளாளுக்கு முதலாளி!" என்றார் நிஜமான முதலாளி. அவர் இத்தனை பல் தெரியச் சிரித்து, பதினாறு வருஷத்தில் பெரியக்கா பார்த்ததே இல்லை. பக்கத்தில் அவருடைய வரி ஆலோசகர் உட்கார்ந்து, மிச்சத் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல சட்டை, நல்ல பேனா. பெண்களை நிமிர்ந்து பார்க்க மட்டும் நேரமில்லை.

மூத்தவள் என்பதால் கூடத்தில் எல்லாருக்கும் அவள் பெரியக்கா. ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் விடுதி விரிப்புகளையும் ரோலர் மெஷினில் விட்டுத் தேய்ப்பது அவள் வேலை. ஈரத்துணியை இழுத்து இழுத்து வலது மணிக்கட்டு வீங்கிப்போய், அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். செலவைத் தொழிலாளர் காப்பீடு ஏற்றுக்கொள்ளும், ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. தொழிலாளியாக இருந்தால்தான். முதலாளியம்மாவுக்குக் கிடையாது. மற்ற நாலு பேரும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு இது சுருக்கென்று உறைத்துவிட்டது.

"அப்ப என் ஆபரேஷன், சார்?"

"உங்க தொழில், உங்க செலவு," என்றார் ஆலோசகர் தாளிடம். "வரியும் நீங்களேதான் கட்டணும். கணக்கும் நீங்களேதான் தாக்கல் பண்ணணும். எல்லாம் அதுல இருக்கு."

"கையெழுத்துப் போடலேன்னா?"

முதலாளியின் சிரிப்பு பட்டென்று நின்றது. "வியாழக்கிழமை சார் மறுபடியும் வருவாரு. அன்னிக்கும் போடாதவங்க வேற இடம் பாத்துக்கலாம்."

"போட்டுத் தொலைச்சிடலாம்க்கா, எதுக்கு வம்பு," என்றாள் துணி மடிப்பவள், வெளியே வந்ததும். மறைப்பானேன், பெரியக்காவுக்கும் பயம்தான். ஆனால் பயம் வந்தால் பின்னாலேயே கோபமும் வந்து நிற்கிற பிறவி அவள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் பட்டினியாகவே வரி அலுவலகத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

"மேடம், என்னை முதலாளி ஆக்கிட்டாங்க," என்று கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த அதிகாரியிடம் தாளை நீட்டினாள். "எனக்கு என்னென்ன கடமைன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம செஞ்சிடறேன்."

அந்த அம்மாள் ஒரு பக்கம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மெஷின் யாரோடது?"

"அவரோடது."

"எத்தனை மணிக்கு வரணும்னு யார் முடிவு பண்றது?"

"அவர்தான். ஏழு மணி."

"உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்பலாமா?"

"என் தங்கச்சிய அனுப்பினா வாசல்லயே விரட்டிடுவாரு."

"இந்தத் துணி வேணாம், அது மட்டும் எடுத்துக்கறேன்னு சொல்லலாமா?"

பெரியக்கா சிரித்தேவிட்டாள். "மேடம், அங்க தும்மணும்னாகூட கேட்டுட்டுத்தான் தும்மணும்."

"அப்ப நீங்க தொழிலாளிதான். தாள்ல மகாராணின்னு எழுதினாலும் தொழிலாளிதான். சட்டம் பேரைப் பாக்காது, நடப்பைப் பாக்கும்." கடைசிப் பக்கத்தைப் புரட்டி அடியில் விரலை வைத்தார். "இதப் பாருங்க, 'மேற்கண்டவை உண்மை என விசாரித்து அறிந்தேன்.' இது ஆலோசகர் கையெழுத்துப் போட வேண்டிய இடம். பொய்யின்னு தெரிஞ்சே போட்டா அவர் உரிமம் பறிபோயிடும். உங்ககிட்ட விசாரிச்சாரா?"

"எங்க மூஞ்சியைக்கூடப் பாக்கல."

வியாழக்கிழமை பெரியக்கா சீருடையை வீட்டிலேயே விட்டுவிட்டு, இருப்பதிலேயே நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு, பத்தரை மணிக்கு ஆடி அசைந்து வந்தாள். மற்ற நாலு பேரின் தாளும் கையெழுத்தோடு ஆலோசகர் முன்னால் இருந்தது. நாலு பேரும் சுவரோரம் தலைகுனிந்து நின்றார்கள்.

"ஏழு மணிக்கு வரவேண்டியவ இப்பத்தான் வர்றியா?" என்றார் முதலாளி.

"அது தொழிலாளிங்களுக்கு, சார். நான் சொந்தத் தொழில் இல்லையா? இன்னிக்கு ஆஸ்பத்திரிப் போர்வை எடுக்கறதா இல்ல. விடுதி விரிப்பு மட்டும் பாப்போம், அதுவும் மத்தியானத்துக்கு மேல. நாளைக்கு எனக்குப் பதிலா என் தங்கச்சி வருவா."

முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "என்னடி, விளையாடறியா? இது என் இடம், என் மெஷின்! ஏழுன்னா ஏழு! நான் சொல்ற துணியை நான் சொல்ற நேரத்துல நீதான் தேய்க்கணும். கண்ட ஆளை உள்ள விடமாட்டேன்!"

பெரியக்கா ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "வரி ஆபீசுல நாலு கேள்வி கேட்டாங்க, சார். நாலுக்கும் அவரே பதில் சொல்லிட்டாரு, நீங்களும் காதால கேட்டீங்க. இப்ப 'விசாரித்து அறிந்தேன்'னு முதல்ல நீங்க போடுங்க. அப்புறம் நான் போடறேன்."

ஆலோசகர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "மன்னிக்கணும் சார். இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"நான்தானேய்யா உமக்குக் காசு குடுக்கறேன்!"

"காசு குடுக்கறீங்க. என் உரிமத்தை நீங்க குடுக்கல." நாலு தாளையும் எடுத்து அந்தந்தப் பெண்ணிடம் நீட்டினார். மடிப்பவள் தன்னுடையதைப் பறிக்காத குறையாக வாங்கி, அங்கேயே சுக்குநூறாகக் கிழித்தாள்.

முதலாளி வெறிபிடித்தவராய்ப் பெரியக்காவைப் பார்த்துக் கத்தினார். "உன்னாலதான்டி எல்லாம்! போ, போய் மெஷினைப் போடு! அரை நாள் சம்பளம் கிடையாது உனக்கு!"

"தாராளமா பிடிச்சுக்குங்க, சார்," என்று வருகைப் பதிவேட்டைத் திறந்து, அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள் பெரியக்கா. "ஆனா உங்க கையால எழுதுங்க: தொழிலாளி, தாமதம்."