வாயாடி முகம் காட்டாத ஆல்பம்

அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்து வாங்கிப்போவதற்குள் ஆல்பத்தை ஒரு தடவை முழுக்கப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். ஆகவே பார்க்க வேண்டியது நான். ஸ்டூடியோவில் வாரம் முழுக்க, படம் எடுக்கும் நேரம் பார்த்துக் கண்ணை மூடித் தொலைத்தவர்களுக்கெல்லாம் பிரஷ்ஷால் கண் வரைகிறேன். லீவு நாளிலும் போட்டோவா என்று எரிச்சலாகத்தான் வந்தது.

ஆல்பம் என்றால் வெறும் போட்டோ இல்லை. அத்தை முதல் உலக யுத்தத்தின்போது ஆஸ்பத்திரிக் கப்பலில் நர்ஸாக இருந்தவள். போன ஊரிலெல்லாம் கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தாள். ரயில் டிக்கெட், பெட்டியில் ஒட்டும் ஓட்டல் சீட்டு, கப்பல் சாப்பாட்டு அறையின் உணவுப் பட்டியல் அட்டை, எந்தச் சிப்பாயின் சட்டையிலிருந்தோ உதிர்ந்த பித்தளைப் பொத்தான். நடுநடுவே அவள் எடுத்த படங்கள். ஒவ்வொன்றின் கீழும் கறுப்புத் தாளில் வெள்ளை மையால் ஒரு வரி. அந்த வயதில் அத்தைக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சநஞ்சமில்லை என்று அந்த வரிகளைப் படித்தாலே தெரியும்.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

"கப்பல் மேல்தளம். நாலு நர்ஸுங்க நிக்கிறாங்க."

"வாயாடி எப்படி இருக்கா?"

வாயாடி அத்தையோடு ஒரே அறையில் இருந்தவள். கப்பல் மூழ்கியபோது போய்விட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அத்தை எதுவும் சொன்னதில்லை.

"இதுல யாரு வாயாடி?"

"கீழ எழுதியிருக்கேனே, படி."

படித்தேன். "கடைசியில் நிற்பது வாயாடி. முப்பத்திரண்டு பல்லும் இருப்பதற்கு இதுவே சாட்சி." படத்தில் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்றவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது ஒரு குதிரை வண்டி. "குதிரை தும்மியதும் வாயாடியின் முகம் போன போக்கு" என்று எழுதியிருந்தது. முகம் எங்கே இருக்கிறது? வண்டிக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. படபடவென்று மற்ற பக்கங்களையும் புரட்டினேன்.

"என்ன அத்தை படம் எடுத்தீங்க? ஒண்ணுலகூட அவங்க மூஞ்சி இல்லையே."

அத்தை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எடுத்தப்ப எல்லாத்துலயும் மூஞ்சி இருந்துச்சு" என்றாள். "வீட்டுக்கு வந்தப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப ஆரம்பிச்சா. முதல்ல கண்ணு அந்தப் பக்கம் போச்சு. அப்புறம் கன்னம். கடைசியா நான் பார்த்தப்ப வெறும் முதுகுதான். கண்ணு மங்கினதும் நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

"அத்தை, சும்மா இருங்க."

"அவளுக்கு எம்மேல கோவம்டி. நாளைக்கு இது கை மாறிடும். ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கிறாளான்னு தெரிஞ்சுக்கணும்."

கழுவி எடுத்த படம் மங்கும், மஞ்சளிக்கும், பூச்சி அரிக்கும். கழுத்தைத் திருப்பாது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பையிலிருந்து என் பூதக்கண்ணாடியை எடுத்தேன். கீறல் இல்லை, பிரஷ் பட்ட தடமும் இல்லை. என் தொழிலில் அதை என்னிடம் மறைக்க முடியாது.

ஆனால் கண்ணாடி வைத்துப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் அவள் மண்டியிட்டு ஒரு கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்த படத்தில், நாற்காலிகளுக்குப் பின்னால் குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் இருந்த அவள் கை, ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, அவங்க முதுகு காட்டி நிக்கல" என்றேன். "எதையோ தேடறாங்க. எல்லாப் படத்துலயும்."

அத்தையின் முகம் வெளுத்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"கப்பல் சாயுதுன்னு எல்லாரையும் படகுல ஏத்தினாங்க" என்றாள். "நான் ஏறி உட்கார்ந்துட்டேன். அவ ஏறப்போறப்ப, 'ஐயோ, ஆல்பம் அறையிலயே போச்சே'ன்னு அழுதேன். 'அழாதே, ஒரு நிமிஷத்துல எடுத்துட்டு வரேன்'னு திரும்பி ஓடினா. படகை இறக்கிட்டாங்க. கொஞ்ச தூரம் போனப்புறம் பையைத் திறந்தேன். அடியில இருந்துச்சுடி. காலையில நானே எடுத்து வச்சிருக்கேன்."

இத்தனை வருஷம் இதை ஒற்றை ஆளாய் நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள்?

"ஆல்பம் கிடைச்சது அவங்களுக்குத் தெரியாதே அத்தை."

"கோவம் இல்லங்கிறியா?"

"கோவம் இருந்தா இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு தேடுவாங்களா?"

அத்தை கையை நீட்டினாள். ஆல்பத்தை அவள் மடியில் திறந்து வைத்தேன். படங்களின் மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டாள். அது எழுபது வயதுக் குரலாக இல்லை.

"ஏய் வாயாடி. ஆல்பம் எங்கிட்டதான்டி இருக்கு. நீ போறப்பவே பையில இருந்துச்சு. நான்தான் பார்க்கல. தேடினது போதும், வாடி."

அவள் கையை எடுத்ததும் குனிந்து பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். கூடாரத்துக் கட்டிலுக்கு அடியில் வெறும் நிழல். நாற்காலிகளுக்குப் பின்னால் கூடாரத் துணி. வண்டியில் மூட்டை மட்டும் வாய் திறந்து கிடந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினேன். சிரித்துக்கொண்டிருந்த மூன்று பேருக்குப் பக்கத்தில் கடல்தான் இருந்தது.

"திரும்பினாளா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். நாக்கு எழவில்லை.

"அவங்க படத்துல இல்ல அத்தை. எதுலயும் இல்ல."

அத்தை திடுக்கிடவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கட்டிலில் சுவர்ப் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். வெறும் காற்றில் வலது கையை நீட்டினாள்.

"பாத்துடி, பாவாடை தடுக்கும். கையைக் குடு."

அவள் விரல்கள் எதன் மேலோ மூடின. அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட வேண்டும் என்றிருந்தது எனக்கு. பயத்தில் எழுந்திருக்க முடியவில்லை. அத்தையின் தோள் ஒரு பக்கமாக இழுபட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டாவது கையையும் சேர்த்து இழுத்தாள்.

பிறகு, அவள் இடம் விட்ட பக்கத்தில் மெத்தை அமுங்கியது.